பிற குழந்தைகளின் குரலுக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டா?

ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் மீது மாணவி ஒருத்தி பாலியல் புகார் கூறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி பரவியதும், அதே ஆசிரியரிடம் முன்பு படித்த வேறு இரு மாணவியர், தங்களுக்கும் அதே அறையில், அதே சாக்கில், அதே கொடுமை நேர்ந்ததாகக் காவல் துறையிடம் சொல்கின்றனர். முதல் மாணவியின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி, மற்ற இருவர் சொல்வதையும் கேட்கலாமா? கேட்கலாம் என்றால் எதற்காக, எந்த அளவுக்கு? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்விகளுள் ஒன்று.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு நேரடிச் சாட்சிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. மூடிய அறைக்குள், குழந்தையின் நம்பிக்கைக்குரிய ஒருவராலேயே இழைக்கப்படும் குற்றம் அது. பல வேளைகளில் உடலில் தடயம் எதுவும் எஞ்சுவதில்லை. குழந்தை வாய் திறப்பதற்கே மாதங்களோ ஆண்டுகளோ ஆகிவிடுகின்றன. இறுதியில் நீதிமன்றத்தின் முன் நிற்பவை இரண்டே: ஒரு குழந்தையின் சொல், ஒரு பெரியவரின் மறுப்பு.

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. ஆனால், அந்த நம்பகத்தன்மையைக் குலைப்பதையே குறுக்கு விசாரணை குறியாகக் கொள்கிறது. பெற்றோருக்கு முன்பகை, யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், மதிப்பெண் குறைந்த கோபம் என்று காரணங்கள் அடுக்கப்படும். ஒருவரையொருவர் அறியாத மூன்று குழந்தைகள் ஒரே வகையான அனுபவத்தைச் சொல்லும்போது, இந்தக் காரணங்கள் தாக்குப்பிடிப்பது கடினம். பிற குழந்தைகளின் குற்றச்சாட்டு இத்தகைய வழக்குகளில் இவ்வளவு கனம் பெறுவது இதனால்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் தீய நடத்தை தொடர்பற்றது என்று கூறியது. தாம் நல்ல நடத்தை உடையவர் என்று அவரே சான்று அளித்தால் மட்டுமே, அதற்கு மறுப்பாகத் தீய நடத்தையைக் காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இதே விதியை 49-ஆவது பிரிவில் அப்படியே தொடர்கிறது.

இந்த விதியைக் குற்றவாளிகளுக்கான சலுகை என்று எண்ணுவது தவறு. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதற்காக அன்று, அவர் என்ன செய்தார் என்பதற்காகவே தண்டிக்கப்பட வேண்டும் என்ற நாகரிகத்தின் வெளிப்பாடு அது. பழைய குற்றச்சாட்டைக் கேட்ட மனம் புதிய குற்றச்சாட்டை எளிதில் நம்பிவிடும். ஒரு வழக்குக்கு விடை சொல்ல வந்தவர், பத்தாண்டுக்கு முந்தைய நான்கு நிகழ்வுகளுக்கும் விடை சொல்ல நேரிடும். பழைய புகாருக்கு ஆளானவரையே மீண்டும் பிடித்து வழக்கை முடித்துவிடும் சோம்பலுக்கும் காவல் துறை ஆளாகலாம். விதி நீங்கினால் இத்தனையும் உள்ளே வரும்.

எனினும் அதே சட்டம் வேறொரு வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. ஒரு செயல் தற்செயலானதா, வேண்டுமென்று செய்யப்பட்டதா என்ற கேள்வி எழும்போது, அது ஒத்த நிகழ்வுகளின் தொடரில் ஒன்று என்ற உண்மை தொடர்புடையதாகும் என்று பழைய 15-ஆவது பிரிவு கூறியது. இன்று அது 13-ஆவது பிரிவு. சட்டமே தரும் எடுத்துக்காட்டு சுவையானது. ஒருவர் அடுத்தடுத்துப் பல வீடுகளில் குடியிருக்கிறார், ஒவ்வொன்றையும் காப்பீடு செய்கிறார், ஒவ்வொன்றும் தீப்பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணம் பெறுகிறார். கடைசி வீட்டின் தீ விபத்தா என்று ஆராயும் நீதிமன்றம் முந்தைய தீக்களையும் பார்க்கலாம். அவர் கெட்டவர் என்று காட்டுவது இங்கே நோக்கமில்லை. இத்தனை தற்செயல்கள் ஒருவருக்கே நேராது என்று காட்டுவதே நோக்கம்.

1890-களில் பிரிவி கவுன்சில் இதே வேறுபாட்டை மேக்கின் வழக்கில் வகுத்துரைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், பணம் பெற்றுக்கொண்டு கைக்குழந்தைகளை வளர்ப்பதாகக் கூறி வாங்கிய கணவனும் மனைவியும் ஒரு குழந்தையின் கொலைக்காக விசாரிக்கப்பட்டனர். அவர்கள் குடியிருந்த வெவ்வேறு வீடுகளின் கொல்லைகளில் வேறு குழந்தைகளின் உடல்களும் புதைந்திருந்தன. குற்றம் புரியும் இயல்பினர் என்று காட்டுவதற்காக மட்டும் பிற குற்றங்களைக் கொண்டுவரக் கூடாது. தற்செயல் என்ற வாதத்தை முறியடிப்பது போன்ற வேறு நோக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பது அன்று வகுக்கப்பட்ட நெறி.

இங்கிலாந்து இந்த நெறியைப் படிப்படியாகத் தளர்த்தியது. உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு எதிராக மாணவர்கள் அளித்த சாட்சியம் பற்றிய போர்டுமன் வழக்கில், பிரபுக்கள் சபை சாட்சியங்களுக்கிடையே தனித்துவமான ஒற்றுமை உள்ளதா என்று பார்த்தது. 1991-இல், இரு மகள்களைச் சீரழித்த தந்தையின் வழக்கில், அத்தகைய ஒற்றுமை எப்போதும் தேவையில்லை. சாட்சியத்தின் மெய்ப்பிக்கும் வலிமை அது விளைவிக்கும் பாரபட்சத்தை விஞ்சினால் போதும் என்று அதே சபை தீர்ப்பளித்தது. குழந்தைகளைக் குறிவைப்போர் செய்யும் செயல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பவை. அவற்றில் விந்தையான முத்திரையைத் தேடினால், சாதாரணமான கொடுமை தப்பித்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் நமக்கு மேலும் பயனுள்ளது. 1988-இல் ஹோக் வழக்கில் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம், புகார் கூறுவோர் சேர்ந்து கதை புனைந்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே ஒருவர் சாட்சியம் மற்றவர் வழக்கில் ஏற்கத்தக்கதன்று என்றது. 1995-இல் ஃபென்னிக் வழக்கு மேலும் கடுமையான அளவுகோலை விதித்தது. இத்தகைய விதிகளால், ஒரே நிறுவனத்தில் ஒரே நபரால் பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனி விசாரணைகளில் நிறுத்தப்பட்டனர். ஒவ்வொருவரும் தாம் மட்டுமே புகார் கூறுவதுபோல் ஜூரியின் முன் நின்றனர். மற்றவர்கள் இருப்பதே ஜூரிக்குத் தெரியாது.

நிறுவனங்களில் நிகழ்ந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஆராய்ந்த அந்நாட்டு அரச ஆணையம் இந்த நிலையைக் கூர்ந்து நோக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிமக்களை மாதிரி ஜூரிகளாக அமர்த்தி ஆய்வு நடத்தச் செய்தது. பல புகார்களைச் சேர்த்துக் கேட்ட ஜூரிகள் வெறுப்பால் உந்தப்பட்டுத் தண்டிக்கிறார்கள் என்ற அச்சத்தை ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. அவர்கள் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அதற்குரிய சான்றோடு பொருத்தியே எடைபோட்டனர். அதே 2017-இல், தொலைக்காட்சி நடிகர் ஒருவர் தொடர்பான ஹியூஸ் வழக்கில் உயர்நிலை நீதிமன்றம், சம்பவங்களுக்கிடையே நெருங்கிய ஒற்றுமை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் கூறியது. ஆணையத்தின் பரிந்துரைகளை அடியொற்றி நியூ சவுத் வேல்ஸ் 2020-இல் சட்டத்தைத் திருத்தியது. குழந்தைகள் மீது ஒருவருக்குப் பாலியல் நாட்டம் உண்டு என்பதைக் காட்டும் சாட்சியம் குறிப்பிடத்தக்க மதிப்புடையது என்று இன்று அங்கே முதலில் கொள்ளப்படுகிறது. பாரபட்சத்தின் ஆபத்து அதை மிஞ்சினால் நீதிமன்றம் விலக்கலாம்.

வாசலை அகலத் திறப்பதிலும் ஆபத்து உண்டு. குழந்தைகள் தொடர்பான வழக்கு அல்ல எனினும், அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் வழக்கு ஓர் எச்சரிக்கை. 2020-இல் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை, நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. குற்றப்பத்திரிகையில் இடம்பெறாத நிகழ்வுகள் பற்றிப் பிற பெண்களைச் சாட்சியம் சொல்லவிட்டது பிழை என்பது முதன்மைக் காரணம். வரையறையின்றி ஏற்கப்படும் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் தீங்கன்று. ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பே சரியும்போது பாதிக்கப்பட்டவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கன்னத்தைத் தட்டினேன், ஆசி வழங்கினேன், மருத்துவப் பரிசோதனைதான் செய்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கூறினால், கேள்வி அவர் எண்ணத்தைப் பற்றியது. போக்சோ சட்டத்தில் தொடுதல் குற்றமாவதற்குப் பாலியல் நோக்கமே முதன்மையானது என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே, இதே ஆசி வேறு குழந்தைகளுக்கும் இதே விதத்தில் வழங்கப்பட்டதா என்று கேட்க 13-ஆவது பிரிவே இடம் தருகிறது. ஆனால், அப்படி எதுவும் நடக்கவே இல்லை, குழந்தை பொய் சொல்கிறது என்று அவர் கூறினால் நிலைமை மாறுகிறது. அப்போது கேள்வி எண்ணத்தைப் பற்றியதன்று. செயல் நிகழ்ந்ததா என்பதைப் பற்றியது. நடைமுறையில் அடிக்கடி எழும் இந்தச் சூழலுக்கு நம் சட்டத்தில் நேரடியான விடை இல்லை.

வழக்குகளைச் சேர்த்து விசாரிப்பதற்கும் எல்லை உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்குள் நிகழ்ந்த ஒரே வகைக் குற்றங்கள் மூன்றை மட்டுமே ஒரே விசாரணையில் சேர்க்கப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பொதுவாக அனுமதித்தது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதை ஐந்தாக உயர்த்தியிருக்கிறது. பன்னிரண்டு மாத வரம்பு மட்டும் மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு குழந்தை என்று பத்தாண்டுகள் கொடுமை இழைத்தவருக்கு இந்த வரம்பே அரணாகிறது.

அதேவேளை, நமக்கே உரிய இரு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, இங்கு ஜூரி இல்லை. உண்மையை முடிவு செய்பவர் நீதிபதி. அவர் காரணங்களை எழுத்தில் பதிகிறார். மேல்முறையீட்டில் அவை சோதிக்கப்படுகின்றன. ஆகவே, பாரபட்சம் பற்றிய அச்சம் இங்கு ஓரளவு குறையும். இரண்டாவது, போக்சோ சட்டத்தின் 29-ஆவது பிரிவு, குறிப்பிட்ட குற்றங்களில் குற்றம் நிகழ்ந்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்பது உயர் நீதிமன்றங்கள் வகுத்த காப்பு. அனுமானத்தோடு பழைய குற்றச்சாட்டுகளும் சேர்ந்தால் தராசு மிகவே சாயும். அதனால்தான் ஆஸ்திரேலியச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்வதை நான் ஆதரிக்கவில்லை.

நான் முன்வைப்பது குறுகிய, காவலுள்ள ஒரு வாசல். பிற குழந்தைகளின் சாட்சியத்தைக் கொண்டுவர விரும்பும் அரசுத் தரப்பு, விசாரணை தொடங்குமுன் எழுத்து மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். எந்த உண்மையை நிறுவ அது தேவை என்பதையும் சொல்ல வேண்டும். தீய நடத்தையைக் காட்டுவதற்கு என்பது விடையாகாது. அந்தக் குழந்தையோ, இன்று வளர்ந்துவிட்ட அவரோ நேரில் சாட்சியம் அளித்துக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலோ சமூக ஊடகப் பதிவோ போதாது. சாட்சிகள் ஒருவர் கதையை மற்றவர் கேட்டுச் சொல்கிறார்களா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டும். தண்டனையில் முடிந்த வழக்கு, நிலுவையில் உள்ள வழக்கு, விடுதலையில் முடிந்த வழக்கு மூன்றும் ஒன்றல்ல. கடைசி வகைக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தச் சாட்சியத்தை மட்டுமே கொண்டு யாரையும் தண்டிக்கக் கூடாது. ஏற்றாலும் மறுத்தாலும் நீதிபதி காரணங்களோடு ஆணையிட வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். குழந்தையை மீண்டும் மீண்டும் சாட்சியத்துக்கு அழைக்கக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 33-ஆவது பிரிவு. தன் வழக்கில் ஒருமுறை நொந்து பேசிய குழந்தையை, பிறர் வழக்குகளுக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக அலைக்கழித்தால் உதவ முன்வந்தவளையே நாம் தண்டித்தவர்களாவோம். குறுக்கு விசாரணை உட்பட முழுச் சாட்சியத்தையும் ஒளிப்பதிவு செய்து, தேவையான பிற வழக்குகளிலும் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும். பன்னிரண்டு மாத வரம்பையும் இத்தகைய குற்றங்களுக்கு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இவற்றைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். அதுவரை காத்திராமல், இப்போதுள்ள பிரிவுகளின் எல்லைக்குள் சிறப்பு நீதிமன்றங்கள் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. அரசு வழக்குரைஞர்கள் 13-ஆவது பிரிவை நினைவில் கொண்டாலே சில வழக்குகளின் போக்கு மாறும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் கடந்த காலம் அவரைத் தண்டிக்கும் கருவியாகிவிடக் கூடாது. அந்தக் கடந்த காலத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இல்லாதவர்களாகவும் ஆகிவிடக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் விதியை எழுதுவது கடினமே. ஆனால், அதை எழுதாமல் இருப்பதன் விலையைத் தனித்தனி நீதிமன்றங்களில் தனித்தனியாக நிற்கும் குழந்தைகள் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.