திண்ணையும் இடைகழியும்

திண்ணை என்பது தெருவாசலின் இரு பக்கமும் வீட்டுச் சுவரை ஒட்டி எழுப்பிய மேடை. தாழ்வாரம் அதன்மேல் இறங்கி வந்து வெயிலையும் சாரலையும் மறைக்கும். மரத்தூண்கள் அதைத் தாங்கி நிற்கும். சுவரில் அகல் வைக்க ஒரு மாடம் இருக்கும். தலை வைத்துப் படுக்க ஓரத்தில் சரிவாகத் திண்டு கட்டிய வீடுகளும் உண்டு. ஊருக்குப் புதிதாக வருபவன் கூடத்தையோ முற்றத்தையோ பார்ப்பதில்லை. அவன் பார்க்கிற வீடு திண்ணைதான்.

சொல்லின் வேர் 'திண்'. உறுதி, கெட்டி என்பது அதன் பொருள். திண்மை, திண்ணம், திண்டு எல்லாம் ஒரே கிளை. மேட்டைக் குறிக்கும் திட்டு, திட்டை ஆகியவையும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. மலையாளத்தில் 'திண்ண' என்பது தமிழ்ப் பொருளிலேயே வழங்குகிறது. தெலுங்கின் 'தின்னெ' மேடையையும் குறிக்கும், மணல்மேட்டையும் குறிக்கும். இதைப் பார்த்தால், மண்ணைக் கொட்டி இறுக்கி உயர்த்திய மேடு என்பதே பழைய பொருளாக இருக்க வேண்டும்; உட்காரும் இடம் என்பது பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம்.

சங்க இலக்கியத்திலேயே சொல் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து மாடவீடுகளைச் சொல்லும்போது நெடிய படிகள், வளைந்த திண்ணை, நுழைவாயில், இடைகழி என்று அடுக்குகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரன் உள்ளிருந்து எண்ணிய வரிசை அன்று இது. தெருவிலிருந்து ஏறி வருபவனின் கண் போகும் வரிசை. அதே புலவர் அகநானூற்றின் 167ஆம் பாட்டில் இன்னொரு திண்ணையைக் காட்டுகிறார். பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், வழியில் எதிர்ப்படப் போகும் பாழூரை நினைத்துப் பார்க்கிறான். அங்கே ஊர்ப் பொதுமன்றமான பொதியிலின் சுவரில் எழுதிய தெய்வம் நீங்கிவிட்டது, பலியிடுவாரும் இல்லை, திண்ணை மெழுகப்படாமல் கிடக்கிறது. ஊர் செத்துப்போனதைச் சொல்ல அந்த மெழுகாத திண்ணையே போதுமானதாக இருக்கிறது. தலைவன் பயணத்தைக் கைவிடுகிறான்.

திண்ணையைத் தாண்டினால் இடைகழி. தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடையே கழிந்து செல்லும் வழி என்பதால் அந்தப் பெயர். பேச்சில் இது தேய்ந்த விதம் சுவையானது. முதல் இகரம் விழுந்தது, நடுவில் இருந்த ககரம் கரைந்தது, 'டேழி' ஆயிற்று. டகரம் மொழிக்கு முதலில் வராது என்பதாலோ என்னவோ, அது 'ரேழி' என்று மாறியது. ரகரமும் மொழிமுதலில் வராது என்கிறது இலக்கணம். பேசுகிறவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் ரேழி இன்றும் ரேழிதான்.

இந்த இடைகழிக்கு வைணவத்தில் தனி இடம் உண்டு. திருக்கோவலூரில் மழை இரவொன்றில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார், பிறகு பூதத்தாழ்வார் வந்தார், அடுத்துப் பேயாழ்வார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த இடுக்கில் நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிந்தது. அவர் பெருமாள் என்பது மரபு. முதல் மூன்று திருவந்தாதிகளும் அங்கே பிறந்ததாகச் சொல்வர். அவ்வூர்ப் பெருமாளுக்கு வடமொழியில் தேஹளீசன் என்று பெயர். 'தேஹளீ' என்றால் வாசற்படி.

போர்த்துகீசியர் திண்ணையைக் கண்டபோது தங்கள் ஊர்க் கல்மேடையின் பெயரான 'போயால்' என்பதை அதற்கு இட்டனர். ஆங்கிலேயர் அதைப் 'பயால்' ஆக்கிக்கொண்டார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அது ஏறியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் 'பயால் ஸ்கூல்' ஆனது இப்படித்தான். அரிச்சுவடியும் எண்சுவடியும் படிக்கத் தெருத் திண்ணையே இடமாக இருந்த காலம் அது.

வருகிறவருக்கு வாசலிலேயே உட்கார இடம் வைக்கும் எண்ணம் யாழ்ப்பாணத்தில் வேலி வரைக்கும் நகர்ந்து வந்தது. வேலியின் வாயிலுக்குக் கூரை போட்டு, இரு பக்கமும் சிறு திண்ணை கட்டுவார்கள். அதற்குச் சங்கடப்படலை என்று பெயர். படலை என்றால் வேலிக்கதவு. வழிப்போக்கர் வீட்டு வளவுக்குள் வராமலே இளைப்பாறிப் போகலாம்.

வழிப்போக்கர் எல்லாருக்கும் திண்ணை ஒரே மாதிரி திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. சில தெருக்களில் நடக்கவே விடப்படாதவர்களுக்கு அத்தெருத் திண்ணை எட்டாத இடம். வந்தவன் யார் என்று கேட்டறிந்து, உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடமாகவும் அது இருந்தது. 'பரதேசி' என்ற சொல்லையும் இங்கே நினைக்கலாம்: வேற்றுத் தேசத்தான் என்பது மட்டுமே அதன் முதற்பொருள், இன்று அது வசை.

வழக்கில் திண்ணை நிறையவே தங்கியிருக்கிறது. வேலையில்லாமல் பேசுவது திண்ணைப் பேச்சு. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து ஓட்டுக் கேட்பது திண்ணைப் பிரசாரம். கிழவி எப்போது சாவாள், திண்ணை எப்போது காலியாகும் என்ற பழமொழியில் திண்ணை முதுமையின் இருப்பிடம். சொல் இருக்கிறது, திண்ணைதான் போய்க்கொண்டிருக்கிறது. சாலையை மேலே மேலே போட்டதில் பல ஊர்களில் திண்ணை தெருமட்டத்துக்குத் தாழ்ந்துவிட்டது. சிலர் அதை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்தார்கள். புது வீட்டு வரைபடங்களில் அந்த இடத்துக்கு 'சிட் அவுட்' என்று பெயர். அதைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டு உள்ளிருந்து பூட்டுகிறார்கள்.