தசைக்களைப்பும் இலற்றிக்கமிலமும்: ஒரு குற்றச்சாட்டின் வரலாறு

நானூறு மீற்றர் ஓட்டத்தை முடித்துத் தரையிற் சாய்ந்தவனிடம் கால்கள் கனப்பதேன் என வினவினால், இலற்றிக்கமிலம் சேர்ந்துவிட்டது என்பான். பயிற்றுநரும் அவ்வாறே கூறுவர். பாடசாலையில் நாம் கற்றதும் அதுவே. உடற்றொழிலியல் கலைப்பீட மாணவனுக்குரிய துறையன்று. எனினும், ஒரு முடிபு எவ்வாறு தோன்றி, நிலைபெற்று, தளர்ந்தது என ஆராய்தல் வரலாற்று மாணவனுக்கும் உரியதே.

1780இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டவரான பெர்சீலியசு தசையிலும் அது உண்டெனக் கண்டார். ஆயினும் அதனை அளவிடுதல் எளிதாயிருக்கவில்லை. தசையை வெட்டி அரைக்குஞ் செயலே அமிலத்தைத் தோற்றுவித்தமையால், ஓய்ந்த தசைக்கும் உழைத்த தசைக்கும் வேறுபாடு புலப்படவில்லை. 1907இல் கேம்பிறிட்ஜில் பிளெச்சரும் ஹொப்கின்சும் இதற்கு வழி கண்டனர். தவளைத்தசையைக் கடுங்குளிரான அற்ககோலில் இட்டு அரைத்தமையால் இரசாயன மாற்றம் உடன் தடைப்பட்டது. ஓய்ந்த தசையில் அமிலம் மிகச் சொற்பம். களைக்கும்வரை தூண்டிய தசையில் மிகுதி. களைத்த தசையை ஒட்சிசனில் வைத்தபோதோ அது குறைந்தது.

இப்பரிசோதனையிற் குறை காண்பதற்கில்லை. பின்வந்தோர் அதிலிருந்து பெற்ற முடிபிலேயே குறை உள்ளது. அமிலமும் களைப்பும் ஒருங்கே தோன்றின. ஆகவே அமிலமே களைப்பைத் தந்தது என்றனர். களவு நடந்த வீட்டில் நின்றவனையெல்லாம் கள்வன் எனலாமோ?

1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹோவ் ஆகியோரின் ஆய்வுகளால் இலற்றிக்கமிலம் தசைச்சுருக்கத்துக்கே மூலமெனக் கருதப்பட்டது. 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட், அயடோஅசற்றிக்கமிலம் ஏற்றிய தசை இலற்றிக்கமிலத்தைத் தோற்றுவியாமலே சுருங்குதலைக் காட்டினார். ஹில் தம் கொள்கையை விடாப்பிடியாகக் காக்க முற்படவில்லை. தசை உடற்றொழிலியலிற் புரட்சி நிகழ்ந்துள்ளதென 1932இல் தாமே எழுதினார். புலமையுலகில் இத்தகைய நேர்மை அருமை.

சுருக்கம் பற்றிய கொள்கை வீழ்ந்தும், களைப்புப் பற்றிய பழி நீங்கவில்லை. 1951இல் மக்காடில் என்னும் மருத்துவர் விந்தையான நோயாளி ஒருவரை விவரித்தார். உழைக்கும்போது அவர் இரத்தத்தில் இலற்றேற்று உயரவில்லை. அவரோ பிறரினும் விரைவிற் களைத்தார். இச்சான்று பாடநூல்களை அசைக்காமை வியப்புக்குரியது.

1980களில் கலிபோர்னியாவில் புறூக்சு, இலற்றேற்று கழிவன்று, எரிபொருளே என வாதிட்டார். ஒரு தசைநாரில் தோன்றுவதைப் பிறிதொன்றும் இதயமும் பயன்படுத்துகின்றன. ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்கும் என்பதைக் கோரி தம்பதியர் 1929இலேயே காட்டியிருந்தனர். 2001இல் டென்மார்க்கு ஆய்வாளர் எலித்தசையிற் செய்த சோதனை வழக்கையே தலைகீழாக்கியது. தசைநார்களுக்கு வெளியே பொற்றாசியம் பெருகி வலுவிழந்த தசை, இலற்றிக்கமிலம் சேர்த்தபோது வலுவை மீளப்பெற்றது! இன்று களைப்புக்கான காரணிகளுள் அசேதனப் பொசுபேற்றின் திரட்சி முக்கியமாகப் பேசப்படுகிறது. ஐதரசன் அயனின் பங்கு குறித்து ஆய்வாளரிடையே இன்னும் ஒருமைப்பாடில்லை. எனவே அமிலத்தன்மையை முற்றாக விடுவித்தலும் அவசரமே.

விளையாட்டுப் போட்டியின் மறுநாள் மாடிப்படி இறங்குகையில் தோன்றும் நோவுக்கும் இலற்றிக்கமிலத்தையே நாம் ஏசுகிறோம். ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தினுள் அது இரத்தத்தில் முன்னிருந்த அளவுக்கு மீண்டுவிடும்; நோவோ ஒரு நாள் கழித்தே தலைகாட்டுகிறது.