குடத்தில் விழுந்த ஓலையும், பானையில் விழுந்த பணமும்: லாட்டரி, ஜாக்பாட் ஒரு வரலாறு

"முதல் பரிசு ஒரு கோடி!" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "அது நமக்கு விழுமா?" என்ற கேள்விதான். "அந்த ஒரு கோடி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. அதற்கு மூன்று பானைகளின் கதையைப் பார்க்க வேண்டும். அதில் முதல் பானை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் பானை: உத்திரமேரூர்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன (கி.பி. 919, 921). பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த குடவோலை முறை இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் சொந்த நிலம் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. இப்படிப் பல நிபந்தனைகள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குடத்துக்குள் விழுந்தது பெயர் மட்டும்தான், பணம் இல்லை. ஓலை வராதவர் எதையும் இழக்கவில்லை. வந்தவருக்கும் கிடைத்தது பரிசு அல்ல, ஒரு வருடப் பொறுப்பு!

இரண்டாவது பானை: குலுக்கல் சீட்டு

இது நம் ஊர்த் தெருக்களில் இன்றும் இருக்கிறது. 20 பேர் சேர்கிறார்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். மொத்தம் 20,000. ஒவ்வொரு மாதமும் பெயரைக் குலுக்கி ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். ஒருமுறை எடுத்தவர் பெயர் அடுத்த குலுக்கலில் இருக்காது. 20 மாதம் முடியும்போது எல்லோருமே எடுத்திருப்பார்கள்.

இதிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் "எப்போது கிடைக்கும்" என்பதில் மட்டும்தான் அதிர்ஷ்டம். "கிடைக்குமா" என்பதில் இல்லை. சீட்டுப் பிடிப்பவர் ஒழுங்கானவராக இருந்தால், போட்ட பணம் போட்டவருக்கே திரும்பி வரும். காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டுச் சேலையை நெய்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். கூலி வரும்போது பழைய முன்பணமும் கடனும் காத்திருக்கும். கல்யாணம், மருத்துவச் செலவு என்றால் மொத்தமாகக் கொஞ்சம் பணம் கையில் வேண்டும். மொத்தப் பணத்துக்கான இந்த ஏக்கத்தைத்தான் சீட்டு தீர்த்து வைத்தது. அதே ஏக்கத்தைத்தான் மூன்றாவது பானையும் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது பானை: ஜாக்பாட்

"ஜாக்பாட்" என்ற சொல்லிலேயே பானை இருக்கிறது. "பாட்" என்றால் பானை. இது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் சீட்டாட்டத்தில் பிறந்த சொல். குறைந்தது ஒரு ஜோடி ஜாக் சீட்டு கையில் இருந்தால்தான் பந்தயத்தைத் தொடங்க முடியும் என்பது விதி. யாரிடமும் இல்லையென்றால் போட்ட பணம் அப்படியே பானையில் இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் பணம் போட வேண்டும். யாருக்கும் கிடைக்காததால் பானை பெருத்துக்கொண்டே போகும்.

1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் "லிபர்டி பெல்" என்ற ஸ்லாட் இயந்திரத்தைச் செய்தார். மூன்று உருளைகள், ஒரு கைப்பிடி. மூன்றிலும் மணி படம் வந்தால் அதிகபட்சப் பரிசு 50 சென்ட், அதாவது அரை டாலர்! ஏன் இவ்வளவு குறைவு? அந்த ஒரு பெட்டிக்குள் விழுந்த காசைத்தானே அது கொடுக்க முடியும்.

பெரிய பரிசு வேண்டுமென்றால் பல பெட்டிகளின் காசு ஒரே பானையில் விழ வேண்டும். 1986இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் "மெகாபக்ஸ்" வந்தது. பல சூதாட்ட விடுதிகளில் இருந்த இயந்திரங்களை ஒரே வலையமைப்பில் இணைத்தார்கள். யார் எங்கே ஆடினாலும் அந்தப் பந்தயத்தில் ஒரு சிறு பங்கு பொதுப் பானைக்குப் போகும். மேலே பலகையில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர்தான் வளரும் ஜாக்பாட். 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஒருவருக்கு விழுந்த தொகை 3.97 கோடி டாலர்!

ஒரு எளிய கணக்குப் போடலாம். 100 ரூபாய் பந்தயத்தில் 2 ரூபாய் பானைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பானை ஒரு கோடி ஆக வேண்டுமென்றால் எவ்வளவு பந்தயம் விழுந்திருக்க வேண்டும்? 50 கோடி ரூபாய்! ஆக, ஜாக்பாட் என்பது விடுதி கொடுக்கும் கொடை அல்ல. தோற்றவர்களின் பணத்தில் ஒரு துளி.

சரி, வாய்ப்பு எவ்வளவு? மெகாபக்ஸில் சுமார் 5 கோடியில் ஒன்று. நிமிடத்துக்கு 10 முறை, தினமும் 8 மணி நேரம், ஒரு நாள் கூட விடாமல் ஆடினாலும் 5 கோடி முறை ஆடி முடிக்க 28 வருடம் ஆகும். அப்போதும் விழும் என்று உறுதி இல்லை. ஒவ்வொரு சுற்றும் தனிச் சுற்று. "இவ்வளவு நாள் விழவில்லை, இனி விழும்" என்ற கணக்கு இயந்திரத்துக்குத் தெரியாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. 1984இல் இங்கே டெல்னேஸ் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். உருளையில் கண்ணுக்குத் தெரிவது 22 இடம் என்றால், உள்ளே இருக்கும் சிப் 64 எண்களில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒரே ஒரு எண்ணை ஒதுக்கலாம். பார்ப்பவர் மூன்று உருளைக்கு 10,648இல் ஒரு வாய்ப்பு என்று நினைப்பார். உண்மையில் அது 2,62,144இல் ஒன்று. ஜாக்பாட் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்று இடத்துக்கு நிறைய எண்களை ஒதுக்கினால், "அய்யோ, கொஞ்சத்தில் போச்சே" என்ற எண்ணம் அடிக்கடி வரும். அந்த "கொஞ்சத்தில்" என்பதும் திட்டமிட்டுச் செய்யப்பட்டதுதான்!

தமிழ்நாட்டுப் பானை

இனி நம் ஊருக்கு வருவோம். நம் ஊரில் ஸ்லாட் இயந்திரம் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அதே பானை காகித வடிவில் வந்தது. 1967இல் கேரளம் அரசு லாட்டரியைத் தொடங்கியது. 1968இல் அப்போதைய மதராஸ் மாநிலத்தில் பரிசுச் சீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் முதலமைச்சர் அண்ணா. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். நெசவாளர் துயர் துடைக்கக் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றவர்.

அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அரிசிப் பஞ்சம், ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி, மதுவிலக்கு அமலில் இருந்ததால் சாராய வருமானமும் இல்லை. அரசுக்குப் பணம் வேண்டும். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கம் பட்டி தொட்டியெல்லாம் பரவியது.

எவ்வளவு அழகான வாசகம்! ஆனால் இதில் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. வீட்டுக்கு விழுவது ஒருவருக்கு. நாட்டுக்குக் கொடுப்பது மற்ற எல்லோரும். சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் யார்? தினக்கூலிகள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள், தறிக்காரர்கள். வசதி உள்ளவர்களிடம் வரியாக வாங்க வேண்டியதை, இல்லாதவர்களிடம் ஆசை காட்டி வாங்கியது போல ஆகிவிட்டது.

1975இல் கலைஞர் ஆட்சியில் இது நிறுத்தப்பட்டது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்தது. 1990களில் சிக்கிம், நாகாலாந்து, பூடான் என்று வெளியூர்ச் சீட்டுகளும் குவிந்தன. பேருந்து நிலையம் முதல் டீக்கடை வரை சீட்டுகள் தோரணமாகத் தொங்கின. வாரத்துக்கு ஒரு குலுக்கல் என்பது போய், ஒரே நாளில் பல குலுக்கல்கள் வந்தன. கடைசி ஒரு எண்ணுக்கே பரிசு என்ற ஒரு நம்பர் லாட்டரி பரவியது. காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரைந்தது.

1998இல் மத்திய அரசின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை எண் பரிசைத் தடை செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது: அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான்; ஒரு மாநிலம் தன் லாட்டரியை நடத்திக்கொண்டே அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்க முடியாது. எனவே தடுக்க வேண்டுமென்றால் தன் கடையையும் மூட வேண்டும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதைத்தான் செய்தது. எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மதுபானச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்!

பானை உடைந்ததா?

இல்லை, இடம் மாறியது. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் "மூணு நம்பர்" வியாபாரம் சட்டவிரோதமாகத் தொடர்கிறது. 60 ரூபாய் சீட்டுக்கு 25,000 பரிசு என்று வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணில் 1,000 வாய்ப்புகள். 1,000 சீட்டு விற்றால் வரவு 60,000. சராசரியாகப் பரிசுக்குப் போவது 25,000. மீதி 35,000 விற்றவருக்கு! 2019 டிசம்பரில் இந்தச் சீட்டால் கடனில் மூழ்கி விழுப்புரத்தில் ஒரு குடும்பமே மாண்டது தமிழகத்தை உலுக்கியது.

அடுத்து கைபேசிக்குள் வந்தது பானை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதிர்ஷ்ட விளையாட்டுகள் மீதான தடையை ஏற்று, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

1968க்குப் பிறகு சட்டம் வந்தது, போனது, மீண்டும் வந்தது. மாறாதது பானையின் கணக்கு மட்டும்தான். குடவோலையில் தோற்றவருக்கு நஷ்டம் இல்லை. சீட்டில் தோற்பவரே இல்லை. லாட்டரியிலும் ஜாக்பாட்டிலும் தோற்பவர்கள் இருந்தால்தான் பானையே இருக்கும். எனவே அடுத்த முறை யாராவது ஒரு பானையைக் காட்டி "இதில் எவ்வளவு இருக்கிறது பார்" என்று சொன்னால், "இதில் பணம் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே போதும்.