பிழையின் விலையை யார் தருவது? ஸ்மார்ட் கேமராவின் வணிக, காவல் பயன்பாடுகள் குறித்து

ஸ்மார்ட் கேமரா குறித்த விவாதம் பெரும்பாலும் துல்லியத்தைச் சுற்றியே நடக்கிறது. விற்பவர் 99 விழுக்காடு சரி என்கிறார். எதிர்ப்பவர் அந்த எண்ணை மறுக்கிறார். கேமரா எச்சரிக்கை தந்த பின் என்ன செய்யப்படுகிறது, எச்சரிக்கை தவறாக இருந்தால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை இரு தரப்பும் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரு பயன்பாடு ஏற்கத்தக்கதா என்பதை அந்தக் கேள்வியே முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய சிசிடிவி காட்சியைப் பதிவு செய்யும். பொருள் கொள்வது மனிதரின் வேலை. ஸ்மார்ட் கேமரா அந்த வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்கிறது. கண்டதை முன்பே கற்ற வகைகளோடு ஒப்பிட்டு, ஒப்புமைக்கு ஒரு மதிப்பெண் இடுகிறது. மதிப்பெண் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை பிறக்கும். வரம்பைத் தாழ்த்தினால் தப்புபவை குறையும், ஆனால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், உண்மையானவை சில நழுவும். இந்த இழுபறியிலிருந்து எந்தக் கருவியும் தப்பியதில்லை. ஆகவே வரம்பை எங்கே வைப்பது என்பது பொறியியல் முடிவு மட்டும் ஆகாது. யார் எந்தப் பிழையைச் சுமப்பது என்ற பங்கீடும் அதில் அடங்கியிருக்கிறது.

தொழிற்சாலையில் இந்தப் பங்கீடு சிக்கலற்றது. மருந்து அட்டையில் ஒரு குழியில் மாத்திரை இல்லை, பாட்டிலில் மூடி சரியாக உட்காரவில்லை, பின்னல் இயந்திரத்தில் ஊசி உடைந்து துணி நெடுகக் கோடு விழுகிறது. கேமரா கண்டதும் பொருள் ஒதுக்கப்படுகிறது அல்லது இயந்திரம் நிற்கிறது. தவறாக ஒதுக்கப்பட்ட நல்ல அட்டையை மேற்பார்வையாளர் கையில் எடுத்துப் பார்த்துத் திரும்பச் சேர்த்துவிடலாம். இழப்பு சிறியது, மீட்கக்கூடியது, கேமராவை வைத்த நிறுவனத்தின் கணக்கிலேயே விழுவது. தன் பணம் என்பதால் நிறுவனம் வரம்பைக் கவனமாகவே வைக்கும். ஸ்மார்ட் கேமரா ஓசையின்றிப் பெரும் நன்மை செய்யும் களம் இது. இதைப் பற்றி அதிகம் வாதிட ஒன்றுமில்லை.

கோவை மாவட்டம் மதுக்கரையில் யானைகளுக்காக வைத்த கேமராக்கள் இதைவிட ஆழமாக ஆராயத்தக்கவை. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே காட்டினூடாகச் செல்லும் இரு ரயில் பாதைகளும் யானைகளின் வழித்தடத்தை வெட்டிக் கடக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை இங்கே செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு 12 கோபுரங்கள். அவற்றில் 24 கேமராக்கள். வெப்பத்தை உணரும் கேமராக்களும் உண்டு என்பதால் இருட்டு தடையாவதில்லை. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும். அங்கிருந்து வனப் பணியாளர், நிலைய அலுவலர், ரயில் ஓட்டுநர் ஆகியோருக்குத் தகவல் போய், ரயில் வேகம் குறைக்கப்படும்.

இங்கே இரு பிழைகளின் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். யானை இல்லாதபோது எச்சரிக்கை வந்தால் ரயில் சில நிமிடம் தாமதமாகும். யானை இருந்தும் எச்சரிக்கை வராவிட்டால் ஓர் உயிர், சில வேளை ஒரு குடும்பமே போய்விடும். ஆகவே வரம்பைத் தாழ்வாக வைப்பதே நியாயம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: பொய் எச்சரிக்கை அடுத்தடுத்து வந்தால் ஓட்டுநர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்குவார்கள். கட்டுப்பாட்டு அறையில் மனிதர் அமர்ந்து கேமரா சொன்னதைச் சரிபார்ப்பதன் தேவை இதுதான். இந்த ஏற்பாட்டில் கேமராவைவிட நான் மதிப்பது, எச்சரிக்கைக்குப் பிந்தைய செயல் மிதமானதாக, திரும்பப் பெறக்கூடியதாக அமைக்கப்பட்டிருப்பதையே.

இதே வகைத் தொழில்நுட்பம் கடை வாசலுக்கு வந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக்கடைகள் சான்று. 2012 முதல் 2020 வரை அந்நிறுவனம் தன் நூற்றுக்கணக்கான கடைகளில் முக அடையாளம் காணும் கேமராக்களைப் பயன்படுத்தியது. திருடியவர் அல்லது திருடக்கூடும் எனக் கருதப்பட்டவர்களின் படங்கள் ஒரு பட்டியலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் பல, பாதுகாப்புக் கேமராவிலிருந்தும் ஊழியர்களின் கைபேசியிலிருந்தும் எடுத்த மங்கலான படங்கள். கருவி ஒரு முகத்தை ‘ஒத்துப்போகிறது’ என்றதும் ஊழியர்கள் அந்த வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்தார்கள், வெளியேறச் சொன்னார்கள், சோதித்தார்கள், காவல்துறையை அழைத்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் புகார் மனுவில் உள்ள ஒரு விவரமே போதும்: ஐந்து நாட்களில், நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை 130க்கு மேற்பட்ட கடைகளில், ஒரே ஒரு படத்தோடு ஒத்துப்போவதாக 900க்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. தவறான எச்சரிக்கையால் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்களில் 11 வயதுச் சிறுமியும் ஒருத்தி. 2023 டிசம்பரில் ஆணையம் அந்நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கூடாது, சேகரித்த படங்களையும் அவற்றிலிருந்து உருவாக்கிய கணிப்பு முறைகளையும் அழிக்க வேண்டும் என்ற உடன்பாட்டை எட்டியது.

கருவி மட்டமானது, நல்ல கருவி வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒரு மறுப்பு எழும். அதை எளிய கணக்கு ஒன்றால் சோதிக்கலாம். தியாகராய நகரின் பெரிய துணிக்கடை ஒன்றில் ஒரு நாளில் 5,000 பேர் நுழைவதாகவும், அவர்களில் ஐந்து பேர் மட்டும் பட்டியலில் உள்ளவர்கள் எனவும் கொள்வோம். கருவி அந்த ஐவரையும் தவறாமல் பிடிக்கிறது. மற்றவர்களில் நூற்றில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டுகிறது. அப்படியானால் நாளொன்றுக்கு 55 எச்சரிக்கைகள் வரும். அவற்றில் சுமார் 50 பொய். தேடப்படுவோர் கூட்டத்தில் அரிதாக இருக்கும்வரை, கருவி எவ்வளவு மேம்பட்டாலும் இந்த அழுத்தம் முழுமையாக நீங்காது. அந்த ஐம்பது பேரும் அடையும் அவமானம் கடையின் வரவு செலவில் எங்கும் பதியாது. தொழிற்சாலைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இங்கே பிழை செய்வது ஒருவர், விலை கொடுப்பது வேறொருவர்.

அந்த விலை எல்லோர்மீதும் சமமாகவும் விழுவதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் தவறான பொருத்தம் பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் எனக் கண்டது. வெளிநாட்டில் பயிற்றுவித்த மென்பொருளை நம் கடைகளுக்கு வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்த முகங்களில் சோதிக்கப்பட்டது என்பதாகும்.

காவல்துறை இதே கருவியைக் கையாளும்போது கேள்வி கூர்மையாகிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை கிடைத்தால் அதைச் சரியான பொருத்தமாகக் கொள்வதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தில்லி காவல்துறை அளித்து 2022இல் வெளியான பதில் கூறியது. ஏன் 80, ஏன் 95 இல்லை? ஒரு குடிமகனின் சுதந்திரத்தைத் தொடும் அந்த எண்ணைச் சட்டமன்றமோ நீதிமன்றமோ வகுத்ததில்லை.

கேமரா வைப்பவருக்கு எதிராகவே அதன் பதிவு சாட்சி சொல்ல வேண்டிய வேளையும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், அங்கே கேமரா இருந்தது, சேமிப்பகத்திலும் போதிய இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒப்புமை வரம்பு, அழிப்புக் காலம் ஆகிய இரண்டும் கருவியை இயக்குபவர் தொடும் சிறிய அமைப்புகள்தான். பிழையின் விலை யாருக்கு என்பது அங்கேதான் முடிவாகிறது.

நம் சட்டம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடலடையாளத் தரவை உணர்திறன் மிக்க தரவு எனத் தனியே வகைப்படுத்தின. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. முகத்தின் வார்ப்பும் கைபேசி எண்ணும் ஒரே தட்டில் நிற்கின்றன. கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற இயலாது.

பொருளை ஆராயும் கேமராவுக்கும் விலங்கைக் காக்கும் கேமராவுக்கும் தடை எதுவும் தேவையில்லை, ஊக்கமே தேவை. மனிதரைப் பெயர் சொல்லிச் சுட்டும் கேமராவைக் கடையில் வைக்க விரும்புவோர், பட்டியலில் யாரை ஏன் சேர்த்தனர், ஒப்புமை வரம்பு எவ்வளவு, எத்தனை எச்சரிக்கை பொய்த்தது என்ற விவரங்களை வெளியிடுவதையும், தவறாக நிறுத்தப்பட்டவருக்கு இழப்பீடு தருவதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை வணிக நிறுவனங்கள் முகப் பட்டியலைத் தொடாமல் இருக்க வேண்டும்.