வேம் பாக்கெட்டில் இருப்பது யார்?

எங்க ஊர் உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் ஒரு பாக்கெட் கொடுப்பார்கள். வேர் உட்பூசணம். மண்ணில் உள்ள மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவந்து தரும் பூஞ்சை. பதிலுக்குச் செடி தரும் சர்க்கரையில்தான் அதன் பிழைப்பு. சரி, அந்தப் பூஞ்சை யார்? இதைச் சொல்ல முடியாமல் ஆய்வாளர்கள் ரொம்பக் காலம் திண்டாடியிருக்கிறார்கள்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. டிரஃபிள் என்கிற விலை உயர்ந்த காளானை வளர்க்க வழி தேடச் சொன்னது பிரஷ்ய அரசு. ஆல்பர்ட் ஃபிராங்க் தேடினார். மர வேர்களைப் பூஞ்சை உறைபோலச் சுற்றியிருப்பதைக் கண்டு, 1885இல் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். அதாவது பூஞ்சைவேர்.

ஆனால் சோளம், வெங்காயம் வேருக்குள்ளேயே வாழும் வகை இருக்கே, அதுதான் சிக்கல். காளான் விடாது. வேருக்குள் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அடையாளத்துக்கு மண்ணில் கிடக்கும் வித்துகள்தான் கதி. 1963இல் கெர்டிமனும் நிக்கல்சனும் ஒரு வழி சொன்னார்கள்: மண்ணை நீரில் கலக்கு, மணல் அடங்கட்டும், மேல்நீரைச் சல்லடைகளில் ஊற்று. அம்மா அரிசி அரிக்கிற மாதிரிதான்.

மாணவனாக நானும் அரித்தேன். நிறம், அளவு, சுவரின் அடுக்குகள் எல்லாம் பார்த்து, நோட்டில் 'குளோமஸ்' என்று எழுதினேன். ரொம்ப நம்பிக்கையோட!

அந்தப் பெயர்களுக்கு அடித்தளம் 1974. எண்டோகோன் என்ற ஒரே பேரினத்தில் கிடந்தவற்றை கெர்டிமனும் ட்ராப்பியும் குளோமஸ், ஜைகாஸ்போரா, அகாலோஸ்போரா என்று பிரித்திருந்தார்கள். பிறகு டிஎன்ஏ வந்தது. ஒரே பூஞ்சை இரண்டு விதமான வித்து விடுவது உறுதியானது. 2001இல் இவற்றைத் தனித் தொகுதியாகவே பிரித்தார்கள். 2009இல் இன்னொரு அதிர்ச்சி: பல ஆய்வகங்கள் 'குளோமஸ் இன்ட்ராராடிசஸ்' என்று வளர்த்துவந்த கனடா பூஞ்சை அந்த இனமே இல்லையாம். இன்று அது ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸ்.

பெயர்தானே, மாறினால் என்ன என்று கேட்கலாம். ஆள் யார் என்று தெரியாவிட்டால், ஒரு வயலில் பலித்ததை அடுத்த வயலில் திரும்பச் செய்ய முடியாது. கனடா பூஞ்சையின் பெயரைத் திருத்த முடிந்தது ஏன்? 197198 என்ற எண்ணில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். நான் வித்துகளைக் கொட்டிவிட்டேன். நோட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. அது சரியா என்று பார்க்க இனி வழியே இல்லை.