ஜப்பான்காரங்களே எழுதின ஜப்பானிய மொழித் தேர்வு

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜேஎல்பிடி. சென்னையிலயும் சென்டர் இருக்கு. இதைக் கேட்கிறவங்கள்ல சில பேர் இப்போ என்4-க்கோ என்3-க்கோ ஃபிளாஷ் கார்டு தள்ளிக்கிட்டு இருப்பீங்க. ஹிரகானா, கட்டகானா ரெண்டும் எப்படியோ ஒரு மாசத்துல கைக்கு வந்துடும். அப்புறம்தான் கான்ஜி. (கஞ்சின்னு எழுதினா நமக்கு வேற ஞாபகம் வந்துடும், அதனால கான்ஜி.) சீனாவில் இருந்து போன எழுத்துகள். பல எழுத்துக்கு ரெண்டு மூணு உச்சரிப்பு. என்1 வரைக்கும் போகணும்னா சுமார் 2,000 எழுத்து படிச்சாகணும்.

ஏன் 2,000? ஏன் 5,000 இல்லை? ஏன் பூஜ்யம் இல்லை?

பூஜ்யம்னு கிண்டலுக்குச் சொல்லலை. இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, கான்ஜியே வேண்டாம்ங்கறது ஜப்பான்ல நிஜமாவே மேஜை மேல இருந்த ஒரு யோசனை. அந்த நேரத்துல ஒரு பரீட்சை நடந்தது. எழுதினவங்க வெளிநாட்டுக்காரங்க இல்லை, ஜப்பானியர்கள்.

முதல்ல ஒரு விஷயம். கான்ஜியை ஒழிக்கிற யோசனையே அமெரிக்காக்காரன் கொண்டு வந்ததுன்னு இணையத்துல நிறைய பேர் சொல்றாங்க. அது தப்பு. 1866-லேயே மாஎஜிமா ஹிசோகா என்பவர் ஷோகுனுக்கு மனு கொடுத்திருக்கிறார்: கான்ஜியை விட்டுவிடுவோம், பிள்ளைகளுக்குக் கானாவிலேயே பாடம் சொல்லிக் கொடுப்போம் என்று. இதே மனுஷர்தான் பிற்பாடு ஜப்பானின் தபால் துறையை உருவாக்கினார். 1 யென் ஸ்டாம்ப்ல இருக்கிற முகம் அவருடையதுதான். அவருக்கு அப்புறமும் இந்தச் சண்டை ஓயலை. ஆங்கில டைப்ரைட்டருக்கு 26 எழுத்து போதும். ஜப்பானியப் பத்திரிகை அச்சடிக்க ஆயிரக்கணக்கான ஈய எழுத்து வேணும். போர்ல தோத்த பிறகு, 1946-ல், ஷிகா நாஒயா என்ற பெரிய எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேல போயிட்டார். ஜப்பானிய மொழியையே விட்டுட்டு பிரெஞ்சுக்கு மாறிடலாம்னு எழுதினார்! அவர் ஜோக் அடிக்கலை.

அதே 1946 மார்ச்ல அமெரிக்கக் கல்விக் குழு ஒன்று ஜப்பான் வந்தது. அவங்க அறிக்கை, ரோமன் எழுத்துக்கு, அதாவது ரோமாஜிக்கு மாறச் சொன்னது. ஜப்பான் அரசு நடுவழி ஒன்றைப் பிடித்தது. அந்த நவம்பரில் 1,850 எழுத்துகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியானது. பேர் தோயோ கான்ஜி. ‘இப்போதைக்குப் புழங்க வேண்டிய கான்ஜி’ன்னு அர்த்தம் எடுத்துக்கலாம். சட்டம், அரசு ஆவணம், பத்திரிகை எல்லாம் இதுக்குள்ள நின்னுக்கணும். சிக்கலான வடிவங்களும் பின்னால சுருக்கப்பட்டன. ‘உடல்’ங்கற எழுத்துக்கு 23 ஸ்ட்ரோக் இருந்தது, 7 ஆச்சு. ‘படிப்பு’க்கு 16 இருந்தது, 8 ஆச்சு.

எனக்கு இந்தப் பட்டியல்ல ரொம்பப் பிடிச்ச விஷயம், அதுல என்ன இல்லைங்கறதுதான். நாய் இருக்கு, பூனை இல்லை! குடை, தட்டு, செருப்பு வகையறா எதுவும் கிடையாது. இந்த வார்த்தைகளைக் கானாவில்தான் எழுத வேண்டும். பூனைக்கு இடம் கிடைக்க 1981 வரை ஆச்சு.

இப்போ பரீட்சைக்கு வருவோம். ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கல்விப் பிரிவில் ஜான் பெல்செல் என்ற மானுடவியலாளர் இருந்தார். கான்ஜி கஷ்டம், அதனால ஜனங்களுக்குப் படிக்கத் தெரியலை, படிக்கத் தெரியாத ஜனங்களை வச்சு ஜனநாயகம் எப்படி வரும்? இப்படி ஒரு வாதம் அங்க ஓடிக்கிட்டிருந்தது. வாதத்தைவிட டேட்டா நல்லதுன்னு தோணியிருக்கு. 1948 ஆகஸ்ட்ல, 15 முதல் 64 வயது வரை, ரேண்டம் சாம்ப்ளிங்ல எடுத்த சுமார் 17,000 பேர் நாடு முழுக்க உட்கார்ந்து பேப்பர் எழுதினாங்க. ஜப்பானில் இந்த அளவுக்கு ரேண்டம் சாம்ப்ளிங் செய்ததில் இதுதான் ஆரம்பகாலப் பெரிய முயற்சி. டோக்கியோவில் இன்னும் இடிபாடுகள் முழுசா அள்ளி முடியாத காலம், ஞாபகம் இருக்கட்டும்.

ரிசல்ட்: கான்ஜி எழுதவே வராதவங்க சுமார் 2 சதவீதம்தான்.

ஆய்வுக் குழுவில் இருந்த மொழியியலாளர் ஷிபாட்டா தக்கேஷி பிற்பாடு ஒரு கதை சொன்னார். பெல்செல் அவரைக் கூப்பிட்டு, எழுத்தறிவு குறைவுன்னு முடிவு வராட்டி சங்கடம்ங்கற மாதிரி சுத்தி வளைச்சுப் பேசினாராம். முடிவை வளைக்க முடியாதுன்னு இவர் சொல்லிட்டாராம். பெல்செல்லும் அதுக்கு மேல அழுத்தலை. ரோமாஜித் திட்டம் மெல்ல அடங்கிப் போனது.

வழக்கமா கதையை இங்க நிறுத்திடுவாங்க. ஹீரோ, வில்லன், கைதட்டல். ஆனா நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். அந்த ஆய்வு, ‘எழுத்தறிவு உள்ளவர்’ என்பதற்கு வைத்த கோடு முழு மதிப்பெண். அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான சாதாரணக் கேள்விகள்தானே, எல்லாத்துக்கும் விடை தெரிஞ்சாகணும்ங்கறது அவங்க லாஜிக். அந்தக் கோட்டைத் தாண்டினவங்க, கவனப்பிசகை மன்னிச்சு விட்டாலும், சுமார் 6 சதவீதம்தான். ஆக ஒரே விடைத்தாள் கட்டு. கீழ் நுனியைப் பார்த்தா, ‘98 சதவீதம் பேருக்குக் கான்ஜி தெரியும், தொடாதீங்க.’ மேல் நுனியைப் பார்த்தா, ‘94 சதவீதம் பேர் ஃபெயில், உடனே மாத்துங்க.’ கட்-ஆஃப் எங்க வைக்கிறோமோ அதுதான் கதை. காலப்போக்கில் நின்றது அந்த 2 சதவீதம்தான். தவிர, 1,850 எழுத்துப் பட்டியல் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்தாச்சு. அதனால பரீட்சை மட்டும்தான் கான்ஜியைக் காப்பாத்துச்சுன்னும் சொல்ல முடியாது.

டைப்ரைட்டர் வாதத்துக்கு முற்றுப்புள்ளி வச்சது நம்ம துறை. 1978-ல் தோஷிபா ஜேடபிள்யூ-10 என்ற வேர்டு ப்ராசஸரை அறிவித்தது. கானாவில் தட்டினா கான்ஜியா மாறும். விலை 63 லட்சம் யென், சைஸ் ஒரு மேஜை. இன்னைக்கு ஃபோன்ல இலவசமா நடக்கிற வேலை. அதுக்கப்புறம் பட்டியல் வளர ஆரம்பித்தது. 1981-ல் ஜோயோ கான்ஜி என்ற புதுப் பேரில் 1,945; இப்போ அது வரம்பு இல்லை, வழிகாட்டி மட்டும். 2010-ல் 2,136. ஒசாகாங்கற ஊர் பேர்ல இருக்கிற ‘சாகா’ 2010-லதான் பட்டியலுக்குள் வந்தது, நம்புவீங்களா?

ஜேஎல்பிடி 1984-ல் தொடங்கினப்போ உலகம் முழுக்க எழுதினவங்க சுமார் 7,000 பேர். அப்போ 4 லெவல். மேல் லெவலுக்குச் சொன்ன எண்ணிக்கை சுமார் 2,000 கான்ஜி. மூணு வருஷம் முன்னாடி வந்த அந்த 1,945-ஐப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2010-ல் அதை 5 லெவலா மாத்தி என்3-ஐ நடுவுல சொருகினாங்க, அதிகாரபூர்வ எழுத்துப் பட்டியல் தருவதையும் நிறுத்திட்டாங்க. ‘என்3 கான்ஜி’ன்னு நீங்க வாங்கி வச்சிருக்கிற புத்தகம், பழைய பட்டியலை வச்சுப் போட்ட கணக்கு. அதுல இல்லாத எழுத்து தாள்ல வந்தா பதிப்பாளரைத் திட்டாதீங்க.

பாஸ் மார்க் என்3-க்கு 180-க்கு 95, ஒவ்வொரு பகுதியிலயும் 60-க்கு 19. கையால ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம், வட்டத்தை நிரப்பினா போதும். 2010 பட்டியல்ல புதுசா சேர்ந்த ‘உத்சு’ங்கற எழுத்துக்கு 29 ஸ்ட்ரோக். அர்த்தம், மனச்சோர்வு. கையால எழுத வராட்டிப் பரவாயில்லை, படிக்கத் தெரிஞ்சா போதும்ங்கற நிலைக்கு ஜப்பான் அரசின் மொழிக் குழுவே வந்துடுச்சு.