லைட்னிங் காலும் டாரன்ட்டும்: கம்பியில் யாருக்கு முதலில் வழி?

2009. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சனிக்கிழமை சென்னையிலிருந்து ஊருக்கு வந்தால், புதிய லினக்ஸ் ஏதாவது ஒன்றை டாரன்ட்டில் போட்டுவிட்டுப் படுப்பது என் வழக்கம். பகலில் நன்றாக இறங்கும். சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் நொண்ட ஆரம்பிக்கும். சரி, ஊரே நெட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம், நெரிசல் என்று நினைத்தேன். ஆனால் அதே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் காசு கொடுத்த வேகம் முழுசாகக் காட்டியது. அதே லினக்ஸ் ஃபைலை பிரவுசர் வழியாக நேரடியாக இறக்கினால் முழு வேகம். டாரன்ட்டில் மட்டும் நொண்டல்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணினேன். "இப்போ ஸ்பீடு டெஸ்ட் போடுங்க சார்." போட்டேன். "ஃபுல் ஸ்பீடு வருதே சார், எங்க சைடுல பிரச்சனை இல்லை."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். அவர் கடலை மண்டியில் கணக்கு எழுதியவர். "எங்க காலத்துல மெட்ராசுக்கு டிரங்க் கால் புக் பண்ணா, ஆர்டினரியா, அர்ஜென்ட்டான்னு கேப்பாங்க. அர்ஜென்ட்னா ரெண்டு மடங்கு காசு. லைட்னிங்னா எட்டு மடங்கு. எண்ணெய் விலை திடீர்னு ஏறுற அன்னைக்கு மட்டும் முதலாளி லைட்னிங் போடச் சொல்வாரு. ஆனா எதுக்கு எவ்வளவு, யாரு முன்னால போவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்டா."

கம்பியில் முன்னுரிமை என்பது புதிய விஷயமே இல்லை. தந்தியில்கூட ஆர்டினரி, எக்ஸ்பிரஸ் என்று இரண்டு வகை இருந்தது. கம்பி குறைவு, கேட்பவர்கள் அதிகம், யாரோ ஒருவர் காத்திருந்துதான் ஆகவேண்டும். ஆனால் அந்த வரிசை வெளிப்படையாக இருந்தது. என்ன பேசப் போகிறாய், கடலை விலையா, கல்யாண சேதியா என்று கேட்டு வரிசை மாற்றவில்லை. என் டாரன்ட்டுக்கு நடந்தது இந்த இரண்டுக்கும் நேர்மாறு.

இந்தியாவில் இது எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் விஎஸ்என்எல் காலத்துக்கு வந்து சேர்கிறோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. அப்போதே இரண்டு வகைக் கணக்கு. எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு ஒரு விலை, படத்தோடு வலைப்பக்கம் பார்க்கும் டிசிபி/ஐபி கணக்கு அதைவிடப் பல மடங்கு. அதாவது என்ன பார்க்கிறாய் என்பதற்கே தனி விலை. ஆனாலும் அது விலைப்பட்டியலில் இருந்தது. இன்டர்நெட் வழியாகப் போன் பேசுவது வேறு கதை, அதற்குத் தடையே இருந்தது. காரணம் ரொம்ப எளிது. வெளிநாட்டு அழைப்பு விஎஸ்என்எல்லின் ஏகபோகம், அதுதான் அவர்களின் பெரிய வருமானம். 2002 ஏப்ரல் 1 அன்று அந்த ஏகபோகம் முடிந்தது, அதே நாளில் இன்டர்நெட் டெலிபோனிக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயல் இல்லை. அதற்குப் பிறகு விழுப்புரம் பிரவுசிங் சென்டர்களில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கத்திப் பேசியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. அடுத்த ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. அதில் 500 ரூபாய் பிளான் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும்: பகலில் அளவு உண்டு, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும். 1.55க்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறையே இருந்தது. இதுவும் ஒரு முன்னுரிமைதான், நேரத்தை வைத்து. பிளானிலேயே எழுதியிருந்தது. எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

சரி, என் டாரன்ட் விஷயம். கம்பிக்குள் போகும் பாக்கெட்டின் முகவரியைப் பார்த்து அனுப்புவதுதான் ரூட்டரின் வேலை. முகவரியோடு நிற்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கருவிகள் 2000களில் சந்தைக்கு வந்தன. விக்கிரவாண்டி டோல்கேட்டில் காசு வாங்குவதோடு நிற்காமல், டிக்கியைத் திறந்து பார்த்து, "கடலை மூட்டையா, நீ அந்தக் கடைசி லேன்ல போ" என்று சொல்வது மாதிரி. வித்தியாசம் ஒன்றுதான். டோல்கேட்டில் அனுப்பினால் உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதை வெளியே கொண்டுவந்தவர் ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் ஆசாமி. நான்கு பேர் வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடும் பழைய பார்பர்ஷாப் பாட்டுகள் மேல் அவருக்குப் பைத்தியம். காப்பிரைட் முடிந்த அந்தப் பாட்டுகளைப் பகிரப் பார்த்தார், போகவே இல்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது, 2007ல், காம்காஸ்ட் கம்பெனி நடுவில் புகுந்து இணைப்பை அறுப்பது தெரிந்தது. அறுத்த விதம்தான் விசேஷம். நீங்களும் நானும் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது ஆள் ஒருவர் என் குரலில் உங்களிடமும், உங்கள் குரலில் என்னிடமும் "சரி, வெச்சிடறேன்" என்கிறார். இருவரும் வைத்துவிடுகிறோம். டிசிபியில் இதற்கு ரீசெட் பாக்கெட் என்று பெயர். அந்த அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளை டாரன்ட்டில் அனுப்பிச் சோதித்து, உண்மைதான் என்று எழுதியது. 2008 ஆகஸ்டில் எஃப்சிசி காம்காஸ்ட்டை நிறுத்தச் சொன்னது. 2010ல் நீதிமன்றம், எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அந்த உத்தரவைத் தள்ளியது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு நடுவில் வருகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் சிலர் 2008ல் கிளாஸ்நாஸ்ட் என்று ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதில் ஒருவர் கிருஷ்ணா கும்மடி, நம்ம சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர். பிரவுசரிலேயே ஓடும் அந்தச் சோதனையின் யோசனை அவ்வளவு எளிமை. முதலில் டாரன்ட் மாதிரியே பேசி ஒரு டேட்டாவை அனுப்பு. அடுத்து அதே சர்வர், அதே போர்ட், அதே அளவு, ஆனால் உள்ளே டாரன்ட் அடையாளம் எதுவும் இல்லாத வெறும் எண்கள். நெரிசல் என்றால் இரண்டும் நொண்டும். முதலாவது மட்டும் நொண்டினால் யாரோ டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளிலிருந்து வந்த முடிவுகளை அவர்கள் அந்த வருஷமே கட்டுரையாக்கினார்கள். அமெரிக்காவில் காம்காஸ்ட், காக்ஸ், சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் ஆகியவற்றில் டாரன்ட் தடை தெரிந்தது. அதுவும் நெரிசல் நேரத்தில் மட்டும் இல்லை, நாள் முழுக்க. "நெரிசலைச் சமாளிக்கத்தான்" என்ற பதிலை உடைத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

திண்டிவனத்தில் நான் ஸ்பீடு டெஸ்ட் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பான சோதனை. ஸ்பீடு டெஸ்ட் பாக்கெட் நல்ல லேனில் போனால், அது அந்த லேனைத்தான் அளக்கும். டாரன்ட்டில் என்கிரிப்ஷனை ஆன் செய்ததும் சில வாரம் வேகம் கூடியது, பிறகு பழைய கதை. எனக்கு அது போதுமான சாட்சி. ஆனால் இன்னொருவரிடம் காட்டும் சாட்சி இல்லை.

இதே காலத்து இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 2012ல் தனுஷின் '3' படம் உள்ளிட்டவற்றுக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் கொடுத்த உத்தரவைக் காட்டி, கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே மூடின. ஜூன் மாதம் நீதிமன்றம், படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் மூடவேண்டும் என்று தெளிவுபடுத்தியது. டாரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்ற பேச்சும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. லினக்ஸ் இறக்கும் நான்கு பேருக்காக யார் வாதாடுவது?

பெரிய கூட்டம் கிளம்பியது வாட்ஸ்ஆப்பும் ஸ்கைப்பும் மாட்டியபோதுதான். 2014 டிசம்பரில் ஏர்டெல், இன்டர்நெட் கால்களுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்துச் சில நாளில் நிறுத்தியது. 2002க்கு முன் விஎஸ்என்எல்லுக்கு இருந்த அதே கவலை, ஆள்தான் வேறு. 2015 மார்ச்சில் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் விஷயத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று விதி வந்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அத்தோடு மூட்டை கட்டியது. எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான்.

ஆனால் அது விலைக்கான விதி. என் திண்டிவனம் பிரச்சனை வேகம். அதற்கு 2017 நவம்பர் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடுப்பது, தரம் குறைப்பது, வேகம் குறைப்பது, சிலருக்கு மட்டும் வேகம் கூட்டுவது எல்லாம் பாரபட்சம் என்று டிராய் பரிந்துரைத்தது. 2018ல் தொலைத்தொடர்புத் துறை ஏற்று லைசென்ஸ் நிபந்தனையாக்கியது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அது என்ன என்று வெளியே சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். அப்பா சொன்ன "எல்லாருக்கும் தெரியும்டா" அதுதான்.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. விழுப்புரத்தில் இருக்கும் நண்பர்கள் சொல்லும் புகார் வேறு: "யூட்யூப் பறக்குது, ஆபீஸ் விபிஎன் மட்டும் படுத்துக்குது." உடனே சதி என்று முடிவு கட்டாதீர்கள். யூட்யூப் வீடியோ பெரும்பாலும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு சர்வரிலிருந்து வருகிறது, விபிஎன் பல நெட்வொர்க் தாண்டிப் போகிறது. வழியில் ஏதாவது ஒரு இணைப்பு நிரம்பியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். மாத அளவு தாண்டிய பிறகு வேகம் குறைவதும் வேறு, அது எல்லா டேட்டாவுக்கும் பொது. அதற்கும் 512 கேபிபிஎஸ்சுக்குக் கீழே போகக்கூடாது என்று 2016ல் டிராய் சொல்லிவிட்டது.

சந்தேகம் தீரவில்லை என்றால் கிளாஸ்நாஸ்ட் செய்ததையே கையால் செய்யலாம். அதே சர்வருக்கு, அதே நேரத்தில், ஒருமுறை விபிஎன் வழியாக, ஒருமுறை இல்லாமல். காலையிலும் இரவிலும், குறைந்தது ஒரு வாரம். தேதி, நேரம், இரண்டு வேகம், நான்கையும் எழுதி வையுங்கள். கஸ்டமர் கேரில் புகார் கொடுத்தால் டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். என்னுடைய 2009 நோட்டை எடுத்துப் பார்த்தேன். "டாரன்ட் ஸ்லோ, போன் பண்ணியாச்சு" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.